பழைய பாலம் டாங்கியைத் தாங்குமா: எந்த வழியில் கணிப்பது?

நொய்யல் கரையிலும் அமராவதிக் கரையிலும் காளிங்கராயன் வாய்க்கால் மேலும் நிற்கும் பழைய பாலங்கள் பலவற்றுக்கு இன்று வரைபடம் கிடைப்பதில்லை. எத்தனை டன்னுக்குக் கட்டினார்கள் என்று சொல்லும் காகிதமும் இல்லை. கட்டிய காலத்தில் அவற்றின் மேல் போனது மாட்டு வண்டி, அப்புறம் எப்போதாவது ஒரு பஸ். இன்றைக்கு எம்-சாண்ட் டிப்பரும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியும் கரும்பு லோடும் போகின்றன. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைப் பாகங்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர்கள் வருகின்றன.

இந்தப் பாலங்களை எடைபோட ராணுவ டாங்கியை அளவுகோலாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டின் பால விதிகளிலேயே டாங்கி உட்கார்ந்திருக்கிறது. சாலை, பால விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 'ஏஏ' வகைப் பாரம் என்பது 70 டன் எடையுள்ள சங்கிலிச் சக்கர வண்டி. இரண்டு பக்கமும் ஆளுக்கு 35 டன், ஒவ்வொரு சங்கிலியும் சாலையைத் தொடும் நீளம் 3.6 மீட்டர், அகலம் 85 செ.மீ. தேசிய நெடுஞ்சாலைப் பாலம் கட்டுகிறவர் இந்த மாதிரி ஒரு வண்டியைக் காகிதத்தில் ஓட்டிப் பார்க்காமல் கட்ட முடியாது. கிராமத்துப் பழைய பாலத்துக்கு அந்தப் பரீட்சை நடந்ததே இல்லை. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இடம்பெற்றிருக்கின்றன. பணி முடிந்த டாங்கிகளை ராணுவம் காட்சிக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இப்படிப்பட்ட பாரம் ஒருநாள் நம் பக்கத்துச் சாலைக்கு வரலாம்.

சரி, வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு பழைய வளைவுப் பாலம்: மூன்று கண், ஒவ்வொரு கண்ணும் 6 மீட்டர், சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் வளைவு, கருங்கல் தூண். தாங்குமா என்று முடிவு செய்ய ஐந்து வழிகள் இருக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைவுப் பாலமென்றால் அளவு நாடாவும் தூணடிப் பரிசோதனையும்தான் முதலில். காங்கிரீட் ஸ்லாப் பாலமென்றால் முழுக் கணக்கு, அதற்கு மேல் பாரச் சோதனை. ஒரே ஒரு தடவை கடக்க வேண்டிய பாரமென்றால் பாலத்தையே தொடாமல் போவதை முதலில் யோசிக்க வேண்டும்.

முதல் வழி, ஊரில் எல்லோரும் கைவசம் வைத்திருப்பது: "கரும்பு லோடே போகுதுங்க, இது போகாதா?" இதை முழுக்கத் தள்ளிவிடக் கூடாது. எண்பது வருடம் நின்ற பாலம் என்பதும் ஒரு சாட்சிதான். ஆனால் அது போன பாரத்துக்குத்தான் சாட்சி, வரப்போகும் பாரத்துக்கு இல்லை. லாரியின் எடை பல அச்சுகளில் பிரிந்து இறங்குகிறது. 2018-ல் வரம்பை உயர்த்திய பிறகும், பின்னால் சேர்ந்து வரும் இரண்டு அச்சுகளுக்குச் சட்டம் அனுமதிப்பது 21 டன்தான். மூன்று அச்சு லாரி மொத்தமாக 28.5 டன். ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கி 39 டன், அர்ஜுன் முதல் மாடலே 58 டன்னுக்கு மேல், அதற்குப் பின் வந்த மாடல் 68 டன். இவை அந்த எடை முழுவதையும் நாலைந்து மீட்டர் நீளத்துக்குள் இறக்குகின்றன.

அதைவிட முக்கியமானது, பாலம் விழுவதற்கு எப்போதும் வண்டி வேண்டியதில்லை. 1928-ல் கட்டிய திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து விழுந்தபோது, அதில் போக்குவரத்தே இல்லை. புதுப் பாலம் வந்து, பழையதை மூடியிருந்தார்கள். 2016 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் மகாட் அருகே சாவித்திரி ஆற்று வெள்ளத்தில் விழுந்தது பிரிட்டிஷ் காலத்து வளைவுப் பாலம். விழும் வரை பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்த பாலம் அது. ஆகவே 'போகுதே' என்பதை ஒரு தகவலாக எழுதி வைத்துக்கொள்ளலாம். அதன் பேரில் அனுமதி கொடுக்கக் கூடாது.

இரண்டாவது வழி போர்க்களத்துக்காகவே உருவானது. 1930-களில் இங்கிலாந்தில் பிப்பார்டு என்ற பொறியாளர் செங்கல், கல் வளைவுகள் எப்படிப் பாரம் சுமக்கின்றன என்று ஆராய்ந்தார். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்கு அவசரம்: முன்னால் இருக்கும் பாலத்தில் டாங்கி போகலாமா என்று ஓர் அதிகாரி அங்கேயே நின்று முடிவெடுக்க வேண்டும். பிப்பார்டின் கணக்கைச் சுருக்கி, அளவு நாடா போதும் என்கிற அளவுக்கு எளிமையாக்கினார்கள். கிறைஸ்ட்சர்ச் ஊரிலிருந்த ராணுவப் பொறியியல் சோதனை நிலையத்தின் பெயர்ச்சுருக்கத்தால் இதை 'மெக்ஸி' முறை என்கிறார்கள். 18 மீட்டர் வரையுள்ள கண்களுக்கு இது பொருந்தும்.

கணக்கு இதுதான். வளைவின் உச்சியில் கட்டுமானத்தின் கனத்தையும் அதற்கு மேல் உள்ள மண், ஜல்லி, தார் எல்லாவற்றின் கனத்தையும் மீட்டரில் கூட்டுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 740-ஆல் பெருக்குங்கள். கண்ணின் அகலத்தை 1.3 அடுக்குக்கு உயர்த்தி, அதால் வகுங்கள். வரும் விடை, இரட்டை அச்சில் ஒவ்வோர் அச்சுக்கும் அனுமதிக்கத்தக்க டன். விடை எவ்வளவு பெரிதாக வந்தாலும் 70 டன்னுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் பாலத்துக்குப் போட்டுப் பார்ப்போம். வளைவு 45 செ.மீ., மேலே மண்ணும் சாலையும் 45 செ.மீ.; கூட்டினால் 0.9. கண் 6 மீட்டர். விடை ஏறக்குறைய 58 டன். இது ஆரம்ப விடைதான். வளைவு தட்டையாக இருந்தால் குறைக்க வேண்டும். நம்முடையது 1.5 மீட்டர் எழும்பியிருக்கிறது, கண்ணில் கால் பங்கு, ஆகவே அதில் குறைப்பு இல்லை. நல்ல செங்கலும் நன்றாக இறுகிய மண்ணும் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். இணைப்புகள் அகலமாகவும் காரை உதிர்வதாகவும் இருந்தால் 0.72. பாலத்தின் பொது நிலைக்கு 0.7 கொடுப்போம். எல்லாம் பெருக்கினால் 58 டன் 25 டன்னாக இறங்கிவிடுகிறது. இரட்டை அச்சுக்கு 50 டன். 39 டன் விஜயந்தா நாலு மீட்டரில் பரவி வருவதால், கண்ணின் வளைவைப் பொறுத்தமட்டில் இது தாங்கும் பக்கம் நிற்கிறது.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறேன். சாலையைப் புதுப்பிக்கிறோம் என்று மேலே இருந்த மண்ணில் 30 செ.மீ. சுரண்டி எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். கூட்டுத்தொகை 0.6. ஆரம்ப விடை 58-இலிருந்து 26 டன்னுக்கு வந்துவிடும். குறைப்புகள் எல்லாம் போட்டால் அச்சுக்கு 11 டன். சட்டப்படி ஓடும் டிப்பருக்கே அரை டன்தான் மிச்சம். டாங்கிக்குக் கையெழுத்துப் போட முடியாது. ஒரு முழம்கூட இல்லாத மண் பாலத்தின் பலத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவருகிறது. வளைவுக்கு மேல் கிடக்கும் மண் வெறும் நிரப்பு இல்லை. சக்கரத்தின் பாரத்தை அகலமாகப் பரப்பி வளைவுக்குக் கொடுப்பது அதுதான், வளைவை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அதைத் தேவையில்லாத பாரம் என்று நினைத்து அகற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. மேலும் மேலும் தார் போட்டு உயர்த்திக்கொண்டே போவதும் தவறு. பக்கச் சுவர் வெளியே சாயும்.

அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆற்றிலிருந்து அண்ணாந்து பார்த்தால் முகப்பில் தெரியும் வளைவின் கனம் உள்ளேயும் அதே அளவுதான் என்று சொல்ல முடியாது. அழகுக்காக முகப்பைக் கனமாகவும் உள்ளே மெலிதாகவும் கட்டியிருக்கக்கூடும். கனம் இருபடியாகக் கணக்கில் ஏறுவதால், அதில் செய்யும் பிழையும் பெருகும். உச்சியில் ஒரு சிறு துளை போட்டு உள்கனத்தைப் பார்த்துவிட வேண்டும். துளை போட மனமில்லை என்றால் குறைந்த கனத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

நிலைக்கு 0.7 என்று நான் மேலே போட்டேனே, அந்த எண்ணில்தான் பார்ப்பவரின் கண்ணும் மனசாட்சியும் வேலை செய்கின்றன. கைப்பிடிச் சுவரை ஒட்டி, சாலை போகும் திசையிலேயே ஓடும் விரிசல் பெரும்பாலும் பக்கச் சுவர் பிரிவதைக் காட்டுகிறது. வண்டியை நடுவில் ஓட்டினால் சமாளிக்கலாம். கண்ணின் கால் பங்குத் தூரத்தில் குறுக்காக ஓடும் விரிசலும், வளைவு அந்த இடத்தில் சப்பையாகியிருப்பதும் வேறு கதை. வளைவே உருமாறத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், கரைத்தூண் இறங்குகிறது என்கிறது. இணைப்பில் முளைத்த ஆலஞ்செடியும் அரசஞ்செடியும் நம் பக்கத்துப் பாலங்களின் நிரந்தர நோய். வேர் காரையைத் தின்று கல்லைத் தள்ளுகிறது. மேலே வெட்டிவிட்டு வேரை விட்டுவிட்டால் இரண்டு மழையில் திரும்ப வந்துவிடும். நிலை எண் 0.4-க்குக் கீழே போனால் கணக்கை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கப் போக வேண்டும்.

இந்த முறை சொல்லாதது ஒன்று உண்டு: தூணும் அடித்தளமும். மெக்ஸிக்குத் தெரிந்தது வளைவு மட்டும்தான். காவிரியிலும் அமராவதியிலும் மணல் போனதால் ஆற்றுப் படுகை இறங்கி, ஒரு காலத்தில் மணலுக்குள் புதைந்திருந்த அடித்தளம் வெளியே தெரியும் இடங்களில், வளைவுக்கு 25 டன் என்று வந்த விடைக்கு மதிப்பில்லை. திருப்பூருக்குக் கீழே நொய்யலில் இன்னொரு சங்கடம். சாயக் கழிவின் உப்பு பல வருடம் ஊறிய தண்ணீர் அது. உப்பு காரைக்குள் உறைந்து அதை உதிர்க்கும். காங்கிரீட்டாக இருந்தால் உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மிகச் சிறிய கண்களில் மெக்ஸி கொஞ்சம் தாராளமாக விடை தருகிறது என்று பிற்கால ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனாலும் ஒரு நாள் வேலையில், நாடாவும் ஏணியும் கடப்பாறையும் கொண்டு, 'நிச்சயமாக வேண்டாம்', 'பெரும்பாலும் சரி' என்று பிரித்துக் கொடுக்கும் முறை இதைத் தவிர வேறில்லை. சாதாரண ஊராட்சிப் பாலத்துக்கு அது பெரிய விஷயம்.

டாங்கி தன் சங்கிலியில் ஓடி வருகிறதா, டிரெய்லரில் ஏறி வருகிறதா என்பதும் விடையைத் திருப்பிப்போடும். டிரெய்லரில் ஏற்றினால் எடை கூடுகிறதே, பாலத்துக்கு அதுதானே மோசம் என்று தோன்றும். சிறு கண் பாலத்தில் நிலைமை தலைகீழ். 39 டன் டாங்கி தானே ஓடினால் அந்த 39 டன்னும் ஒரே 6 மீட்டர் கண்ணுக்குள் நிற்கும். அதையே 20 டன் எடையுள்ள, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் எட்டு வரிசை அச்சுள்ள டிரெய்லரில் ஏற்றினால் மொத்தம் 59 டன். ஆனால் வரிசைக்கு ஏழரை டன்னுக்கும் குறைவு. ஒரு கண்ணுக்குள் நன்றாக உள்ளே நிற்கக்கூடியவை நாலு வரிசை, அதாவது 30 டன். எடை கூடிய வண்டி, கண்ணுக்குக் கொடுக்கும் பாரம் குறைவு. கண் 15, 20 மீட்டர் என்று பெரிதானால் இந்தச் சலுகை மறைந்துவிடும்; அங்கே மொத்த எடைதான் பேசும். அப்புறம், எடைக்கு முன்னால் அகலத்தை அளந்துவிட வேண்டும். பன்னிரண்டு அடி, அதாவது 3.66 மீட்டர் அகலப் பாலத்தில் 3.86 மீட்டர் அகலமுள்ள அர்ஜுன் நுழையவே நுழையாது. 3.59 மீட்டர் டி-72 நுழைந்தாலும் கைப்பிடிச் சுவரை உரசும்.

மூன்றாவது வழி முழுக் கணக்கு. துளையிட்டு மாதிரி எடுத்து, மண்ணைச் சோதித்து, கணினியில் வளைவைக் கண்டம் கண்டமாகப் பிரித்து எங்கே முறியும் என்று பார்ப்பது. கோவையில் ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் கட்டுமானப் பொறியியல் துறைகள் இருப்பதால் ஆளுக்காகச் சென்னை வரை போக வேண்டியதில்லை. வளைவுப் பாலத்துக்கு, மெக்ஸி விடை ரெண்டுங்கெட்டானாக நிற்கும்போது மட்டும் இதற்குப் போகலாம். சுண்ணாம்புக் காரையின் பலத்தையும் உள்மண்ணின் இறுக்கத்தையும் ஊகித்துப் போட்ட கணினிக் கணக்கு, ஊகத்தை மூன்று தசமத்தில் திரும்பச் சொல்லும், அவ்வளவுதான்.

காங்கிரீட் ஸ்லாப் பாலத்துக்கு நிலைமை வேறு. 1950-களிலும் 60-களிலும் கீழ்பவானி வாய்க்கால், பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால்களோடு சேர்ந்து வந்த சிறு பாலங்களுக்கு மெக்ஸி பொருந்தவே பொருந்தாது. அங்கே எந்த வகைப் பாரத்துக்குக் கட்டினார்கள் என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். 'ஏ' வகையின் கனமான அச்சுகள் 11.4 டன் வீதம் இரண்டு, 1.2 மீட்டர் இடைவெளியில், சேர்த்து 22.8 டன். இன்றைய சட்ட வரம்பான 21 டன் அதற்குள் அடங்குகிறது. தற்காலிகப் பாலங்களுக்கும் சில பகுதிப் பாலங்களுக்கும் எடுத்த 'பி' வகையில் அதே இரண்டு அச்சு 13.6 டன்தான். 'பி' வகைப் பாலத்தில் இன்று சட்டப்படி லோடு ஏற்றிய டிப்பரே கட்டியவர் நினைத்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அங்கே டாங்கியைப் பற்றிப் பேசுவதே வீண். வரைபடம் இல்லையென்றால், கம்பி எங்கே, என்ன பருமன் என்று கருவி வைத்துத் தேடித்தான் ஆக வேண்டும்.

நாலாவது, பாரம் ஏற்றிப் பார்ப்பது. இதற்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதி வைத்திருக்கிறது: படிப்படியாக ஏற்றி, தொய்வை நுண்ணளவியில் குறித்து, இறக்கிய பிறகு 24 மணி நேரத்தில் எவ்வளவு பழைய நிலைக்கு மீள்கிறது என்று பார்க்க வேண்டும். சாதாரணக் கம்பிக் காங்கிரீட் என்றால் 75 சதவீதமாவது மீள வேண்டும். காங்கிரீட் பாலத்துக்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை. கம்பி வளைந்து, விரிசல் காட்டி, எச்சரித்துவிட்டுத்தான் போகும். செங்கல் வளைவில் இதைச் செய்ய எனக்குச் சம்மதமில்லை. வளைவு மிகக் கொஞ்சமே அசையும். அசைவு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வரும்போது திரும்பும் வழி குறைவு. கீழே நுண்ணளவி பார்க்க நிற்பவர்களை நினைத்தாவது அதைக் கடைசியில் வைக்க வேண்டும்.

அசைவில்லாமல் நின்றது பிறகு விழாது என்றும் இல்லை. 1945 மார்ச் 7 அன்று ரைன் ஆற்றில் ரெமாகன் பாலத்தை அமெரிக்கப் படை பிடித்தது. வெடிவைப்பில் பழுதான பாலம் அது. ஷெர்மன் டாங்கிகள் அதன் மேல் கடந்தன. அதைவிடக் கனமான பெர்ஷிங் டாங்கிகளைப் பாலத்தில் விடாமல் மிதவையில் ஏற்றிக் கடத்தினார்கள். 17-ம் தேதி, மேலே டாங்கி எதுவும் இல்லாத நேரத்தில், பழுது பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர்களோடு பாலம் விழுந்தது.

அந்தப் பெர்ஷிங் முடிவுதான் ஐந்தாவது வழி: பாலத்தைத் தொடாமல் போவது. நம் ஆறுகளில் கோடையில் இது எளிது. தண்ணீர் வற்றிய படுகையில் ஹியூம் பைப் போட்டு, மேலே கிராவல் அடித்து ஒரு தற்காலிகத் தரைப்பாதை அமைக்கலாம். ஒரு நாள் கடக்கிற பாரத்துக்கு, பாலத்தைச் சோதித்துப் பலப்படுத்துவதைவிட இது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். மண்ணைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத்துக் கரிசல் காய்ந்தால் கல், நனைந்தால் களி. 1965-ல் கேம் கரண் பக்கம் தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கிய வயல்களில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் புதைந்து நின்றதே, டாங்கி எங்கும் போகும் என்று நம்புகிறவர்களுக்கு அது போதும். ஓடும் வாய்க்காலில் இந்த வழியே கிடையாது. அங்கே போல்ட் போட்டுக் கோக்கும் இரும்புப் பாலம்தான் மாற்று. போர்க்காலத்து பெய்லி பாலத்தின் ஒரு சட்டம் 10 அடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் தூக்கிவிடுவார்கள். அந்த வகைப் பாலங்களை இன்றும் நம் நாட்டிலேயே செய்கிறார்கள்.

கணக்கு சரி என்று சொல்லி, தூணடியும் சரியென்று கண்டு, பாலத்தின் மேலேயே விடுவது என்று முடிவானால், ராணுவம் எல்லையொட்டிய பாரத்துக்கு வைத்திருக்கும் ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நட்ட நடுவில் ஓட்ட வேண்டும். மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. பாலத்தின் மேல் நிறுத்தவோ, பிரேக் அடிக்கவோ, கியர் மாற்றவோ கூடாது. அடுத்த வண்டி 50 மீட்டர் தள்ளி வர வேண்டும். நம் ஊருக்கு நான் கூட்டுவது, ஒரே ஒரு வண்டி, ஆள் நடக்கும் வேகம், கீழே யாரும் இல்லை. வேகத்துக்குக் காரணம் உண்டு. 5 மீட்டர் வரையுள்ள கண்ணில் சங்கிலி வண்டியின் அதிர்வுக்கென்று நம் விதியே 25 சதவீதம் கூட்டச் சொல்கிறது. 9 மீட்டரில் அது 10 சதவீதமாகக் குறைகிறது. ஊர்ந்து போனால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி வராது.

தூணடி பார்க்க வேண்டிய காலம் மார்ச் முதல் மே வரை. நொய்யலிலும் அமராவதியிலும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் தூணைச் சுற்றித் தோண்டி, அடித்தளம் எந்த ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் உள்ளே இறங்கி ஸ்லாப்பின் அடிப்புறத்தைத் தட்டிப் பார்க்கலாம். தோண்டிய குழியை அன்றைக்கே கருங்கல் போட்டு மூடிவிடுங்கள்.